நீரிழிவும் கொரோனாவும்

நீரிழிவு என்னும் சொல்லிலுள்ள 'இழிவு' தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல் என்றால் இறங்குதல். சிறுநீர் மிகுதியாக இறங்கும் நோய் என்பதே அதன் பொருள். ஆயினும் நம்மவருள் பலர் இதனை உண்மையிலேயே இழிவெனக் கருதி மறைக்கின்றனர். அம்மறைப்பு எத்துணைக் கொடிது என்பதைக் கொரோனாக் காலம் காட்டிற்று.

2020ஆம் ஆண்டு மே மாதம் வரை இங்கிலாந்து மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தோரை ஆராய்ந்தபோது, மூவருள் ஒருவர் நீரிழிவு உடையவராக இருந்தார். வயது முதலிய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பின்னரும், இரண்டாம் வகை நீரிழிவினர்க்கு இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகவும், முதல் வகையினர்க்கு மூன்றரை மடங்காகவும் இருந்தது. நீரிழிவு உள்ளவரைக் கிருமி எளிதில் பற்றும் என்பதைவிட, பற்றியபின் நோய் கடுமையாகும் என்பதே பொருத்தம்.

காரணம் என்ன? குருதியில் சர்க்கரை மிகும்போது, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் தம் வேகத்தை இழக்கின்றன. குருதிக் குழாய்களின் உட்சுவர் முன்னரே நலிந்திருப்பதால் உறைகட்டிகள் எளிதில் தோன்றுகின்றன. சிறுநீரக நலிவு, உடற்பருமன், இரத்த அழுத்தம் ஆகியனவும் பெரும்பாலும் உடன் வருகின்றன. தொற்று வந்ததும் உடல் சுரக்கும் கார்ட்டிசால் முதலிய இயக்குநீர்கள் சர்க்கரையை மேலும் ஏற்றுகின்றன. நோய் சர்க்கரையை வளர்க்கச் சர்க்கரை நோயை வளர்க்கிறது.

சீனத்தின் ஹூபெய் மாநிலத்தில் நடந்த ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. மருத்துவமனையில் இருந்த காலத்தில் சர்க்கரை 70 முதல் 180 மில்லிகிராமுக்குள் நின்ற நீரிழிவினருள் இறந்தோர் 1.1 விழுக்காடு, கட்டுப்படாதோருள் 11 விழுக்காடு. நோய் முற்ற முற்றச் சர்க்கரையும் ஏறுமாதலால், சர்க்கரை ஒன்றே காரணமெனத் துணிதல் தகாது. எனினும் பத்து மடங்கு வேறுபாட்டைப் புறக்கணிக்கவும் நம்மால் இயலவில்லை.

2021இல் இந்தியாவில் இரண்டாம் அலை உச்சம் பெற்றபோது ரமலான் மாதம் நடந்துகொண்டிருந்தது. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளத் திருக்குர்ஆனே சலுகை வழங்கியிருக்கிறது. அதனை ஏற்றால் நோய் வெளிப்பட்டுவிடுமே எனத் தயங்கியோரை நாம் அறிவோம்.

அவ்வலையிலேதான் கரும்பூஞ்சையும் வந்தது. மூச்சுத்திணறி ஆக்சிஜன் பெறுவோரின் உயிரைக் காக்கும் மருந்து டெக்சாமெத்தசோன் என 2020 ஜூனில் ஆக்ஸ்போர்டு ஆய்வு நிறுவியிருந்தது. அம்மருந்தே சர்க்கரையைப் பெரிதும் உயர்த்தும். நோய் எதிர்ப்பையும் தணிக்கும். ஆக்சிஜன் தேவைப்படாதோர் இதனை உட்கொள்வதால் பயனில்லை. ஆயினும் மருந்துக் கடைகளில் இதனைத் தாமே வாங்கி விழுங்கியோர் பலர். மண்ணிலும் அழுகும் பொருளிலும் எங்கும் இருக்கும் மியூக்கர் என்னும் எளிய பூஞ்சைக்கு இத்தகைய உடல் விளைநிலமாயிற்று. மூக்கில் புகுந்து, கன்ன எலும்பை அரித்து, கண்ணுக்கும் மூளைக்கும் ஏறியது. 2021 ஜூன் முடிவதற்குள் நாட்டில் 40 ஆயிரம் பேர்க்கு மேல் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவினர். உயிர் பிழைக்கக் கண்ணை இழந்தோரும் உளர். கருமை அப்பூஞ்சையின் நிறமன்று. குருதியோட்டம் அடைபட்டு இறந்த தசையின் நிறம்.