கத்தரிக்கு முன்னால் பென்சில்

மதிலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் கிரிக்கெட்டை எட்டிப் பார்க்க ஒரு பெரிஸ்கோப் செய்வோமா? அட்டை, பசை, இரண்டு கண்ணாடித் துண்டு போதும். ஆனால் உடனே கடைக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் கிராஃப் தாளை எடுங்கள்.

மதில் 150 செ.மீ., தரையிலிருந்து உங்கள் கண் 125 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறைவது 25. மேல் கண்ணாடி மதிலைத் தாண்டி நிற்க வேண்டுமே! அதனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 40 செ.மீ. விடுவோம். பெட்டியின் அகலம் 5 செ.மீ. இதைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, உண்மை அளவிலேயே வரையுங்கள். தாள் போதாவிட்டால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

கண்ணாடி 45 பாகை சாய்ந்து நிற்கும். அதாவது 5 செ.மீ. சதுரத்தின் மூலைவிட்டம். அளந்து பாருங்கள், 7 செ.மீ.க்கும் கொஞ்சம் கூட! பெட்டி 5 என்பதால் கண்ணாடியையும் 5க்கு 5 வெட்டி வாங்கியிருந்தால் காசு போயிருக்கும்.

இப்போது ஒளி வரும் வழியைக் கோடாகப் போடுங்கள். சாய்வு 5 பாகை தவறினால் ஒளி 10 பாகை விலகும். 40 செ.மீ. இறங்குவதற்குள் அது 7 செ.மீ. ஒதுங்கி, பெட்டிச் சுவரில் முட்டிவிடும். மேல் சன்னலும் கீழ்ச் சன்னலும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கட்டும். ஒரே பக்கத்தில் வெட்டினால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதுதான் தெரியும், அதுவும் தலைகீழாக! (வேண்டுமென்றே அப்படி ஒன்று செய்து பார்ப்பதும் வேடிக்கைதான்.)

எவ்வளவு அகலம் தெரியும்? கண்ணிலிருந்து மேல் சன்னல் வரை ஒளியின் பாதை 45 செ.மீ. ஆட்டம் 18 மீட்டர் தள்ளி நடக்கிறது என்றால், அந்தத் தூரம் இதைப்போல் 40 மடங்கு. எனவே அங்கே 5 செ.மீ.யின் 40 மடங்கு, சுமார் 2 மீட்டர் தெரியும். பேட்ஸ்மேனும் ஸ்டம்பும் அடங்கும், ஃபீல்டர்கள் அடங்கமாட்டார்கள். ஒளியின் பாதையை இரட்டித்தால் தெரிவது பாதியாகும். நீர்மூழ்கிக் கப்பலின் நீளமான பெரிஸ்கோப்பில் லென்ஸுகள் வைப்பது இதனால்தான். நமக்கு லென்ஸ் வேண்டாம், பெட்டியை அகலமாக்கினால் போதும். அப்போது கண்ணாடியின் அளவும் மாறும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியின் ஓரங்களைக் கடைக்காரரிடமே தேய்த்து வாங்குங்கள். செய்து முடித்தபின் சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. இரண்டு கண்ணாடியும் சேர்ந்து வெயிலை நேராகக் கண்ணுக்குள் இறக்கிவிடும்.