நந்தா விளக்கும் தரவுத்தள வழங்கியும்

கல்வெட்டுத் தமிழில் பயில வழங்கும் சொற்களுள் ‘நந்தா விளக்கு’ என்பது ஒன்று. நந்துதல் ஈண்டுக் கெடுதற் பொருளது. ஆகவே, நந்தா விளக்கு என்பது கெடாது எரியும் விளக்கு எனப் பொருள்படும். ‘நொந்தா விளக்கு’, ‘நுந்தா விளக்கு’ என்றும் இச்சொல் கல்லில் வெட்டப்பெற்றுள்ளது. இவ்விளக்கு அணையாது எரிதற்குச் சோழர் காலத்தார் செய்த ஏற்பாடு நுணுகி நோக்கத்தக்கது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் எனக் கணக்கிட்டு, அவற்றை இடையர் வசம் விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்குமாறு விதிக்கின்றன. இவ்வாறு விடப்பெற்ற ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்பது கல்வெட்டு மரபு. ஆடு சாவாது, மூவாது இருத்தல் இயலாது. ஆயினும், இறப்பனவற்றைப் பிறப்பன ஈடுசெய்தலின் மந்தையின் எண் குறையாது நிற்கும். விளக்கு ஒருவர் உயிரையோ ஓர் ஆட்டின் உயிரையோ நம்பி எரியவில்லை; ஒரு முறைமையை நம்பி எரிந்தது.

இம்முறைமையை இன்றைய கணிப்பொறித் துறையில் உள்ள ஒன்றனோடு ஒப்புநோக்கி விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தரவுத்தள வழங்கி ஒன்றைக் கணிப்பொறியின் பின்னணிப் பணியாக இயங்கச்செய்தல் என்பதே அது. தமிழாய்வாளர்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுவேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒரு நூலகத்தில் இருக்குமாயின், அதனை யாரும் எடுத்து விரிக்கலாம். தொகுத்தார் மறைந்த பின்னரும் ஏடு தானே நிற்கும். இக்காலத்துச் சொற்றொகுப்புகளோ பெரும்பாலும் தரவுத்தளங்களில் வாழ்கின்றன. தரவுத்தளத்தில் உள்ள செய்தியை எவரும் நேரே விரித்துப் படித்தல் அரிது. அதனைக் காத்து, கேட்பார்க்கு எடுத்து வழங்கும் நிரல் ஒன்று இயங்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். அந்நிரலே வழங்கி எனப்படும். அது நின்றால், கோப்புகள் கெடாது இருப்பினும், தொகுப்பு வாய் மூடிவிடும்.

அவ்வாறு வாய்மூடிய தொகுப்பு ஒன்றனை யான் கண்டுள்ளேன். சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் கைத்தொழில்கள் பல வழக்கொழிந்து வருகின்றன. அத்தொழில்களின் சொற்களைத் தொகுக்க முற்பட்டார் ஆய்வு மாணவர் ஒருவர். குழித்தறி நெசவாளரிடம் பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது முதலிய சொற்களையும் அவற்றின் ஊர்தோறும் வேறுபடும் வழக்குகளையும் கேட்டெழுதினார். குச்சிக்கிழங்கு பயிரிடுவாரிடமும் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளரிடமும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளிலும் சென்று கேட்டார். பல ஆண்டு உழைப்பு அது. சொற்களையெல்லாம் ‘போஸ்ட்கிரஸ்கியூஎல்’ என்னும் தரவுத்தளத்தில் ஏற்றி, துறையின் கணிப்பொறி ஒன்றில் வைத்தார். நாள்தோறும் காலையில் வந்து, முனையம் எனப்படும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, கட்டளை ஒன்றைத் தட்டி வழங்கியைத் தொடங்குவார். மாலையில் சாளரத்தை மூடிச் செல்வார். பட்டம் பெற்றபின் வேறோர் ஊரில் பணி கிடைக்கவே, அவர் சென்றுவிட்டார்.

அதன்பின் தொகுப்பு திறக்கவில்லை. கட்டளை இன்னது என்பதை அறிந்தார் எவரும் துறையில் இலர். ‘அழிந்துபோயிற்று’ என்றே பலரும் கருதினோம். சொல் கொடுத்த முதிய நெசவாளர் சிலர் அதற்குள் காலமாகிவிட்டனர். மீண்டும் சென்று கேட்டற்கும் வழியில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்துக் கணிப்பொறி அறிந்த நண்பர் ஒருவர் பார்த்து, கோப்புகள் அனைத்தும் பழுதின்றி உள்ளன எனக் கூறினார். நெய் இருந்தது, திரி இருந்தது. ஏற்றுவார் இல்லாமையே குறை. அன்று அவர் செய்துதந்த ஏற்பாட்டையே கீழே விளக்குகின்றேன்.

முதற்கண், சாளரத்தை மூடினால் வழங்கி ஏன் நிற்கின்றது என்பதை அறிதல் வேண்டும். முனையத்திலிருந்து தொடங்கப்பெறும் நிரல் அம்முனையத்தின் பிள்ளையாகக் கருதப்படுகின்றது. முனையம் மூடும்பொழுது, அதனைச் சார்ந்த நிரல்களுக்குத் ‘தொடர்பு அறுந்தது’ என்னும் குறிப்பு அனுப்பப்படும். அக்குறிப்பைப் பெற்ற நிரல் பொதுவாகத் தன் இயக்கத்தை முடித்துக்கொள்ளும். இனி, முனையத்தைச் சாராது, கணிப்பொறியின் இயங்குதளத்தையே சார்ந்து, காண்பார் கண்ணுக்குப் புலனாகாமல் இயங்கும் நிரல்களும் உள. அவற்றை யூனிக்ஸ் மரபினர் ‘டீமன்’ என்பர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய ‘புராசெக்ட் மேக்’ என்னும் ஆய்வுத் திட்டத்தில் இப்பெயர் வழக்கிற்கு வந்தது. மாக்சுவெல் என்னும் இயற்பியல் அறிஞர் தம் கருத்துச் சோதனையில் கற்பித்த, மூலக்கூறுகளைப் பிரித்து ஓயாது பணிபுரியும் பூதமே இப்பெயர்க்கு மூலம். 1995இல் வெளிவந்த ‘மைஎஸ்கியூஎல்’ என்னும் தரவுத்தளத்தின் வழங்கி நிரல் ‘மைஎஸ்கியூஎல்டி’ எனப் பெயர் பெற்றதும் இதனாலேயே. ஈற்றில் நிற்கும் ‘டி’ டீமனைக் குறிக்கும் எழுத்தாகும். விண்டோஸ் இயங்குதளத்தார் இத்தகையனவற்றைச் ‘சர்வீஸ்’ என்பர். தமிழில் பின்னணிப் பணி எனலாம்.

லினக்ஸ் இயங்குதளங்கள் பலவற்றில் இப்பணிகளை மேற்பார்ப்பது 2010இல் வெளிவந்த ‘சிஸ்டம்டி’ என்னும் நிரலாகும். கணிப்பொறி விழித்தெழுந்தவுடன் முதலில் இயங்குவது இதுவே. ஏனைப் பணிகளை இது தொடங்கும். ஒவ்வொரு பணிக்கும் சிறு ஆவணம் ஒன்று எழுதிவைத்தல் வேண்டும். எந்நிரலை இயக்குவது, யார் பெயரால் இயக்குவது, எப்பணிக்குப் பின் இயக்குவது, விழுந்தால் என்செய்வது என்பன அதில் இடம்பெறும். அறக்கொடைக் கல்வெட்டு கொடுத்தார், கொண்டார், அளவு, காலம் ஆகியவற்றை ஒழுங்குபடக் கூறுமாறு போல்வது இது.

ஈண்டு ஒரு வேறுபாடு தெளிதற்குரியது. பணியைத் தொடங்குதற்கு ‘ஸ்டார்ட்’ என்றும், நிலைபெறச் செய்தற்கு ‘எனேபிள்’ என்றும் இருவேறு கட்டளைகள் உள. முன்னது இன்றைக்கு மட்டும் விளக்கேற்றுதல். கணிப்பொறி ஒருமுறை அணைந்து எழுந்தால் அது நில்லாது. பின்னது ‘சந்திராதித்தவல்’ எனக் கல்லில் வெட்டுதல். ஒவ்வொருமுறை கணிப்பொறி எழும்பொழுதும் பணியும் உடனெழும். முன்னதைச் செய்து பின்னதை மறப்பார் பலர். மின்தடை நேர்ந்து மீண்ட மறுநாளே அவர்தம் பிழை வெளிப்படும். விண்டோஸில் இதற்கு நேராவது, பணிப்பட்டியலில் தொடக்க முறையை ‘ஆட்டோமேட்டிக்’ என அமைத்தலாகும்.

இரண்டாவது, பணி யார் பெயரால் இயங்குவது என்பது. கணிப்பொறியில் எல்லா உரிமையும் உடைய பயனரை ‘ரூட்’ என்பர். அப்பயனர் பெயரால் இயக்க முற்படின், போஸ்ட்கிரஸ்கியூஎல் தொடங்கவே மறுத்துவிடும். வெளியார் கேள்விக்கு விடையிறுக்கும் நிரல் ஒன்றனிடம் வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்தல் தகாது என்பதே காரணம். எனவே, ‘போஸ்ட்கிரஸ்’ எனத் தனிப் பயனர் ஒருவரைப் படைத்து, தரவுக் கோப்புகளை அவர் உடைமையாக்கி, அவர் பெயரால் இயக்குவர். எங்கள் மாணவர் தம் சொந்தப் பெயரிலேயே இயக்கினார். கோப்புகளும் அவர் பெயரிலேயே இருந்தன. கோயிலுக்கு விட்ட ஆட்டை இடையர் தம் ஆட்டோடு கலந்துவிட்டால் கணக்கு எங்ஙனம் தேறும்? துறையின் பொருள் துறையின் பெயரால் நிற்றல் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

மூன்றாவது, வீழ்ந்தால் எழுதல். ஆவணத்தில் ‘ரீஸ்டார்ட்’ என்னும் குறிப்பின் எதிரே ‘ஆன்-ஃபெயிலியர்’ என எழுதிவைப்பின், பிழையால் வழங்கி நின்றுவிடினும் மேற்பார்வை நிரல் அதனை மீளத் தொடங்கும். வேறாக அமைத்தாலன்றி, பத்து நொடிக்குள் ஐந்துமுறை தொடங்கியும் நில்லாத பணியை அது கைவிட்டு, தோல்வியுற்றது எனக் குறித்துவைக்கும். அந்நிலையில் பதிவேட்டைப் படித்துக் காரணம் அறிதல் மனிதர் கடமை. நாள்தோறும் நெய் அளக்கப்பட்டதா எனப் பார்ப்பார் ஒருவர் இருந்தாலன்றிப் பேராடும் பயன்படாது.

நிறுத்துதற்கும் முறை உண்டு. மேற்பார்வை நிரல் முதலில் ‘முடித்துக்கொள்க’ என்னும் குறிப்பை அனுப்பும். பொது வழக்கில் 90 நொடி காத்திருந்து, அதன்பின்னும் நில்லாததனை வலிந்து நிறுத்தும். பெரிய தரவுத்தளங்களுக்கு இக்காலத்தை நீட்டிவைத்தல் நன்று. மின்தடையால் திடீரென நிற்பினும் போஸ்ட்கிரஸ்கியூஎல் எளிதில் நிலைகுலையாது. எம்மாற்றத்தையும் அட்டவணைக் கோப்புகளில் எழுதுமுன் தனியொரு பதிவேட்டில் அது எழுதிக்கொள்கின்றது. மீண்டும் எழும்பொழுது அப்பதிவேட்டைப் படித்து, முடிந்த செயல்களை நிறைவித்து, முடியாதனவற்றை விலக்கிவிடும்.

தமிழ்த் தொகுப்புகட்கே உரிய செய்தி ஒன்றும் கூறுதற்குரியது. ஒருவர் தம் கணக்கில் நுழைந்து இயக்கும்பொழுது அவருடைய மொழி அமைப்புகள் நிரலுக்குக் கிட்டும். பின்னணிப் பணிக்கோ அவை தாமே வந்து சேரா. வேண்டுவன யாவும் எழுத்தில் தரப்படல் வேண்டும். போஸ்ட்கிரஸ்கியூஎல்லில் அகரவரிசை முறை, தரவுத்தளத்தைப் படைக்கும்பொழுதே குறிக்கப்படுகின்றது. ஒன்றும் குறியாது ‘சி’ என்னும் அடிப்படை அமைப்பில் விட்டால், சொற்கள் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கப்படும். அவ்வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. அதனால், ‘பனை’ முன்னும் ‘பயிர்’ பின்னுமாக வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் மெய்களின் ஈற்றில் நிற்பது ஆதலின், இது பிழை. 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் ‘ஐசியு’ என்னும் நிரற்றொகுதியின் வரிசை முறைகளையும் கைக்கொள்ளலாம். அதனைத் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால் இடர் இல்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பின்னணிப் பணியாக அமைத்தல் தொகுப்பை இயங்கச் செய்யுமேயன்றி அழிவிலிருந்து காவாது. வன்தட்டு பழுதுபட்டால் பணியும் உடன் வீழும். தவறாக நீக்கிய சொல்லை, நீக்கிய நிலையிலேயே உலகிற்கு அயராது வழங்கிக்கொண்டிருக்கும். ஆகவே, ‘பிஜி டம்ப்’ என்னும் கருவியால் நாள்தோறும் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்தலும், அப்படியிலிருந்து தொகுப்பை மீட்க இயலுகின்றதா என அவ்வப்போது செய்து பார்த்தலும் இன்றியமையாதன.

எங்கள் துறைத் தொகுப்பு இன்று கணிப்பொறி எழுந்தவுடன் தானே திறக்கின்றது. ஆவணத்தின் படியொன்றும், தொடங்குதல் நிறுத்துதல் முறைகளும் தாளில் எழுதப்பெற்றுத் துறை அலுவலகப் பேரேட்டில் ஒட்டப்பெற்றுள்ளன. புதிதாக வருவோர் முதலில் அப்பக்கத்தைப் படித்துக் கையொப்பமிடுதல் வழக்கமாயிற்று. அறக்கொடைக் கல்வெட்டுகளின் ஈற்றில் ‘பன்மாகேசுவர ரட்சை’ என வரும். அறத்தைக் காக்கும் பொறுப்பு ஒருவர்க்கன்றி அடியார் அனைவர்க்கும் உரியது என்பது அதன் கருத்து. மறைந்த நெசவாளர் நம்பிக்கையோடு நம் கையில் தந்த சொற்களும் அத்தகைய பொறுப்பையே வேண்டி நிற்கின்றன.