காற்றைக் கறப்போம் – 7: துருவில் பிறந்த காந்தம்

சென்ற வாரம் இறக்கையை முடித்தோம். எட்டடி விட்டம், நொடிக்கு 5 மீட்டர் காற்று, நிமிடத்துக்குச் சுமார் 240 சுற்று. கணக்கு நினைவிருக்கும். மின்வாரியக் கம்பியை நம்பாமல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, அந்தத் தண்டில் எந்த ஜெனரேட்டரை மாட்டுவது?

பலரும் முதலில் தேடுவது காயலான் கடைக் கார் ஆல்டர்னேட்டர். அது ஆயிரம் சுற்றைத் தாண்டினால்தான் சார்ஜ் ஏற்றும். நம்மிடம் இருப்பது 240. பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டலாம். ஆனால் அதன் ஃபீல்டு காயிலே முப்பது வாட்டுக்கு மேல் தின்னும். அந்தக் காற்றில் நம் இறக்கை தருவதோ நூறு வாட் சுமார்.

கெப்பாசிட்டர் கட்டிய இண்டக்‌ஷன் மோட்டார் மலிவு, உழைப்பாளி. நான்கு துருவ மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்ட 1500 சுற்றுக்கு மேல் வேண்டும். சுமை கூடினால் வோல்டேஜ் படுத்துவிடும். வேகம் மாறாத மலை ஓடைக்குச் சரி, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நம் கடலூர்க் கடற்காற்றுக்குச் சரிவராது. டிசி மோட்டாரிலோ கார்பன் பிரஷ் தேயத் தேயக் கோபுரம் ஏற வேண்டும்.

மிஞ்சுவது, தண்டிலேயே நேராகச் சுழலும் நிரந்தரக் காந்த ஆல்டர்னேட்டர். ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக் கிராமத்து ஹ்யூ பிகாட் இதை யாரும் பட்டறையில் செய்யும்படி எளிமையாக்கினார். இரண்டு இரும்புத் தட்டுகளில் காந்தங்கள். நடுவே ரெசினில் வார்த்த காயில்கள். காயிலுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் இழுத்துப் பிடிக்காது, மெல்லிய காற்றிலும் சுழலத் தொடங்கும். நமக்குப் பக்கத்தில் ஆரோவிலின் மின்வாயு குழு இவ்வகைக் காற்றாலைகளைக் கையாலேயே செய்திருக்கிறது.

இனி எந்தக் காந்தம்? இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

1980களில் ஜப்பானின் மசாதோ சகாவா உருவாக்கிய நியோடிமியம் காந்தம் பெரும் வலிமை கொண்டது. ஆனால் அதில் பெரும்பங்கு இரும்பு. நிக்கல் பூச்சு ஓரிடத்தில் கீறினால் போதும், உப்புக்காற்று உள்ளே புகுந்துவிடும். துருப்பிடித்த காந்தம் வீங்கும். காயிலுக்கும் அதற்கும் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான். உரசினால் ஜெனரேட்டர் போயிற்று. கடலூர்–சிதம்பரம் சாலையில் செம்மங்குப்பம் பக்கம் துருவேறிய வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபெரைட்டைப் பாருங்கள். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் அந்தக் கறுப்பு வளையம். இரும்பு ஆக்சைடோடு ஸ்ட்ரான்சியமோ பேரியமோ சேர்த்துச் சூளையில் சுட்டது. துருவும் இரும்பு ஆக்சைடுதான். ஏற்கெனவே துருவான ஒன்றை உப்புக்காற்று இனி என்ன செய்யும்! கடலூர் பழைய நகரில் (ஓ.டி.) காயில் கட்டும் கடை ஒன்றில் பழைய ஸ்பீக்கரைப் பிரித்துக் காட்டினார்கள். இரும்புத் தகடு செதில் செதிலாக உதிர்ந்தது. காந்தம் புதிது போலத் திருப்புளியைக் கவ்விக்கொண்டது.

வெயிலுக்கும் அது அஞ்சாது. சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியசைத் தாண்டினால் நிரந்தரமாக வலுவிழக்கலாம். ஃபெரைட்டுக்குக் காந்தத்தன்மையை இழக்கவைப்பது கடுங்குளிர்தான். சூட்டில் அதன் இழுவை சற்றுக் குறைந்தாலும், ஆறியதும் திரும்பிவிடும். நம் ஊருக்கென்றே செய்தது போன்ற குணம்! வலிமை மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே தட்டு பெரிதாகும், எடை கூடும், செம்புக் கம்பியும் கூடும். கடற்கரையில் அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்பதே என் முடிவு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபின் கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் ஓட வேண்டிய இயந்திரம் இது. அதற்கு முந்தைய வருடங்களில் துருவுக்குப் பலியாகிவிடக் கூடாது.

காயிலுக்கு எத்தனை சுற்று, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். ஃபெரைட் இடத்தை எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் அந்தக் கணக்கோடு, புயல் எச்சரிக்கை வந்ததும் கோபுரத்தைப் படுக்கவைக்கும் முறையையும் பார்ப்போம். அதற்குள் பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.