கொசுவர்த்தி புகையை காட்டிக் கொடுக்கும் கையடக்க கருவி

சென்னை,

மாசு எல்லாம் ரோட்டில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கதவை சாத்தி கொசுவர்த்தி ஏற்றினால் கதையே வேறு. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்கு சமம் என 2003-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

கையடக்க கருவி இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். குழந்தை படுக்கும் உயரத்தில், ஜன்னலை விட்டு தள்ளி வைக்க வேண்டும். கொசுவர்த்தி ஏற்றும் முன்பும், பின்பும் 'பி.எம்.2.5' அளவை குறித்துக்கொள்ளுங்கள். 24 மணி நேர சராசரி கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமை தாண்டக்கூடாது என்பது இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15தான். அளவு எகிறினால் கொசுவலைக்கு மாறிவிடுவதே நல்லது.

துகளை மட்டும் அளக்கும் கருவிக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது. பச்சை விளக்கு எரிகிறதே என்று மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினால் உயிருக்கே ஆபத்து.