சிறார் மிகுபுனைவுகளில் விளக்கப்படாத பின்புலக் குறிப்புகளும் வாசகர் ஊகங்களும்: ஹாரி பாட்டர் வரிசையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சிறார் மிகுபுனைவுக் கதைகளில் கதைப்போக்கிற்கு நேரடித் தேவையின்றி இடம்பெறும் பின்புலக் குறிப்புகள் பல, விளக்கம் பெறாமலே நின்றுவிடுகின்றன. அவற்றிற்கு வாசகர்கள் தாமே விளக்கம் காண முயல்கின்றனர். அவ்வாறு எழும் ஊகங்களின் அடிப்படையையும் தகுதியையும் ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையை (1997-2007) முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஓர் ஊகம் பலித்ததா என்பதைக் காட்டிலும், பனுவலின் எத்தனை குறிப்புகளை அது முரணின்றி இணைக்கிறது என்பதே அதன் மதிப்பிற்கு அளவுகோல் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், மிகுபுனைவு, பின்புலக் குறிப்பு, வாசகர் ஊகம், மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

கதைக்கு எவ்வகையிலும் உதவாத சிறு பொருள்கள் நடப்பியல் புனைவில் ஏன் இடம்பெறுகின்றன என்னும் வினாவை ரோலான் பார்த் 1968ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் எழுப்பினார். அவை மெய்ம்மை உணர்வைத் தோற்றுவிக்கின்றன என்பது அவர் கண்ட விடை. பனுவலில் உள்ள இடைவெளிகளை நிரப்புமாறு வாசகர் தூண்டப்படுகிறார் என்பது வோல்ஃப்காங் ஈசரின் கொள்கை. இவ்விரண்டும் மிகுபுனைவில் ஒருங்கே செயற்படுகின்றன. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நடப்பியல் நாவலில் சுவரில் தொங்கும் காற்றழுத்தமானியை வாசகர் முன்பே அறிவார். ஆதலின் எளிதில் கடந்துசெல்கிறார். டோல்கீனின் 'த ஹாபிட்' (1937) முதல் இயலில், தொலைவிலுள்ள பாலை ஒன்றில் வாழும் விந்தைப் புழுக்களைப் பற்றிப் பில்போ ஒருமுறை பேசுகிறான். அப்புழு எத்தகையது என்பதை வாசகர் வேறெங்கும் கண்டதில்லை. எனவே நடப்பியலில் மெய்ம்மை உணர்வைத் தரும் அதே உத்தி, மிகுபுனைவில் வினாவாகவும் மாறுகிறது.

2. குறிப்புகளின் வகைகள்

விளக்கப்படாத குறிப்புகளை மூவகைப்படுத்தலாம். பின்னர் விளைவதற்கென ஆசிரியர் முன்கூட்டியே இடுவன விதைக்குறிப்புகள். கதைக்கு அப்பாலும் அவ்வுலகம் விரிந்து கிடக்கிறது என உணர்த்துவன ஆழக்குறிப்புகள். தனிநோக்கம் ஏதுமின்றி அமைவன தற்செயற்குறிப்புகள்.

இவ்வகைகள் நிலையானவை அல்ல. சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில், பனிக்காட்டின் நடுவே எரியும் தெருவிளக்கு ஒன்று முதல் நூலில் (1950) காரணம் கூறப்படாமல் நிற்கிறது. 1955இல் வெளிவந்த 'த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' அதற்குத் தோற்றக்கதை தருகிறது. இலண்டன் விளக்குக் கம்பத்திலிருந்து முறித்தெடுக்கப்பட்ட இரும்புத்துண்டு, புதிதாய்ப் படைக்கப்பட்ட மண்ணில் விழுந்து முளைத்ததே அவ்விளக்கு. முதல் நூலில் ஆழக்குறிப்பாக நின்றது பின்னர் விதைக்குறிப்பாயிற்று. வரிசை முற்றுப்பெறும் முன் ஒரு குறிப்பின் வகையை வாசகர் உறுதியாக அறிய இயலாது. ஊகத்திற்கு இடமளிப்பது இந்நிலையே.

3. பலித்த ஊகம்

ரௌலிங்கின் ஐந்தாம் நூலில் (2003), பிளாக் குடும்பத்தின் பழைய இல்லத்தைத் துப்புரவு செய்யும் பகுதியில், எவராலும் திறக்க இயலாத கனமான லாக்கெட் ஒன்று பல பொருள்களுக்கிடையே ஒரு தொடரில் சொல்லிச் செல்லப்படுகிறது. அதே இயலில், வோல்டமோர்ட்டின் அணியில் சேர்ந்து, பின் விலக முயன்று இறந்த தம் இளவல் ரெகுலஸைப் பற்றிச் சிரியஸ் குறிப்பிடுகிறார். ஆறாம் நூலில் (2005) போலி லாக்கெட்டில் கிடைக்கும் மடலின் கீழ் ஆர்.ஏ.பி. என்னும் முதலெழுத்துகள் உள்ளன. இம்மூன்றையும் இணைத்த வாசகர்கள் மடலை எழுதியவன் ரெகுலஸே என ஊகித்தனர். ஏழாம் நூல் (2007) அதனை உறுதிசெய்தது.

இவ்வூகத்திற்கு மொழிபெயர்ப்புகளும் சான்றளித்தன. 'பிளாக்' என்னும் குடும்பப்பெயரைப் பொருள்பட மொழிபெயர்த்த மொழிகளில் மடலின் இறுதியெழுத்தும் மாறியது. டச்சு மொழியில் அப்பெயர் 'ஸ்வார்ட்ஸ்'; இறுதியெழுத்து இசட். நார்வேஜிய மொழியில் 'ஸ்வார்ட்', எழுத்து எஸ். ஃபின்னிய மொழியில் 'முஸ்தா'; எழுத்து எம். ஏழாம் நூல் வெளிவரும் முன்பே, மூலத்தில் மறைந்திருந்த செய்தி இம்மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டோர்க்குப் புலனாயிற்று.

4. பொய்த்த ஊகம்

அதே ஐந்தாம் நூலின் தொடக்கத்தில், டட்லியின் கூட்டத்தாரால் தாக்கப்பட்ட பத்து வயதுச் சிறுவனாக மார்க் எவன்ஸ் என்னும் பெயர் ஒருமுறை வருகிறது. ஹாரியின் தாயார் லில்லியின் பிறந்தகக் குடும்பப்பெயரும் எவன்ஸ். ஆகவே அச்சிறுவன் ஹாரியின் உறவினன் என்னும் ஊகம் பரவியது. அவனுக்கும் ஹாரிக்கும் உறவில்லை எனவும், பரவலாக வழங்கும் பெயரொன்றையே தாம் இட்டதாகவும் ரௌலிங் 2004இல் தம் இணையதளத்தில் தெளிவுபடுத்தினார்.

இவ்விரு ஊகங்களின் வேறுபாடு சான்றுகளின் அளவில் உள்ளது. முன்னது பொருள், பாத்திரம், கையொப்பம் ஆகிய மூன்றைப் பிணைக்கிறது. பின்னது பெயரொற்றுமை ஒன்றையே சார்ந்தது. எனினும் வாசகர் நோக்கு பிழையானதன்று. முந்தைய நூல்களில் சிறு குறிப்புகள் பலகாலும் விளைந்தமையால், எக்குறிப்பும் வீணன்று என்னும் எதிர்பார்ப்பை ஆசிரியரே வளர்த்திருந்தார்.

5. விடையின்றி நிற்பவை

மாய அமைச்சகத்தில் கிழிந்த திரை தொங்கும் கல்வளைவு, வரிசை முழுமைக்கும் விளக்கப்படவில்லை. சிரியஸ் அதனூடே வீழ்ந்து மறைகிறார். திரைக்கப்பாலிருந்து வரும் குரல்களை ஹாரியும் லூனாவும் கேட்கின்றனர். ஹெர்மியோனிக்கு அவை கேட்பதில்லை. அதே நூலில், மரணத்தை நேரில் கண்டோர்க்கு மட்டுமே தெஸ்ட்ரல் என்னும் விலங்குகள் புலப்படும் எனக் கூறப்படுகிறது. ஹாரியும் லூனாவும் அவற்றைக் காண்பவர்கள். எனவே மரணத்தைக் கண்டோர்க்கே குரல்களும் கேட்கும் என்பர் சில வாசகர்.

இவ்வூகம் வலியது, முழுமையானதன்று. தெஸ்ட்ரலைக் காணும் நெவிலும், காணாத ஜின்னியும் திரைமுன் ஒரே வகையில் மயங்கி நிற்கின்றனர். பனுவல் எந்த முடிவையும் தாங்கிக்கொள்ள மறுக்கிறது. தன் காப்பாளரை இழந்த சிறுவனுக்குத் திரைக்கப்பால் உள்ளது யாதெனக் கூறப்பட்டிருப்பின் அவ்விழப்பு வெறும் இடமாற்றமாகச் சுருங்கியிருக்கும். இங்கு விளக்கமின்மை குறையன்று. சாவைப் பற்றிய நேர்மை.

6. முடிவுரை

விதைக்குறிப்பை விளக்குவது ஆசிரியர் கடன். ஆழக்குறிப்பை விளக்காது விடுவது அவர் உரிமை. வாசகர் ஊகங்களைப் பொழுதுபோக்கெனத் தள்ளுவது பொருந்தாது. சான்று திரட்டல், இணைத்தல், எதிர்ச்சான்றால் சோதித்தல் ஆகிய ஆய்வுநெறிகளை இளம் வாசகர் அவற்றின்வழி தாமே பயில்கின்றனர்.

இதில் மொழிபெயர்ப்பாளர்க்கும் சுருக்கப்பதிப்பாளர்க்கும் பங்குண்டு. முற்றுப்பெறாத வரிசையைத் தமிழாக்குவோர் பயனற்றதெனத் தோன்றும் ஒரு தொடரை நீக்கினால், அது திறவாத லாக்கெட்டாக இருந்திருக்கலாம். பெயரைப் பொருள்படப் பெயர்த்தால், மூலம் மறைத்ததை வெளிப்படுத்தவும் நேரலாம். எனவே வரிசை முடியும்வரை சிறுகுறிப்புகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் தருவதே தக்கது. சிறாருக்கான நூல் என்னும் காரணத்தால் அவற்றை எளிமைப்படுத்துவது, அச்சிறார் சிந்திப்பதற்கென விடப்பட்ட இடத்தையே மூடுவதாகும்.