மனசுக்கு வரும் நோயும் நோய்தான்



காய்ச்சல் என்றால் டிஸ்பென்சரிக்குப் போகிறோம். மலையிலே வழுக்கி விழுந்து கால் பிசகினால் ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் லொறியிலாவது ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஆனால் கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி என்று பேரெடுத்த ஒருத்தி, பிரட்டுக்கு வராமல், தலை வாராமல், பிள்ளை அழுவதைக்கூடக் கவனிக்காமல் லயக் காம்பராவின் மூலையிலே உட்கார்ந்துவிட்டால் என்ன செய்கிறோம்? “சோம்பேறித்தனம்” என்கிறார் ஒருவர். “ஆத்தோரமா தனியா போனாளாம், காத்து கருப்பு பட்டிருக்கும்” என்கிறார் இன்னொருவர். கோடாங்கிக்குச் சேவலும் காசும் போகிறது. மாதம் இரண்டு ஓடிவிடுகிறது.

சாமி கும்பிட வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. கும்பிடுங்கள், நூல் கட்டுங்கள். அதே கிழமையில் டொக்டரையும் பாருங்கள். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனால் பேயோட்டுகிறோம் என்று அடிப்பதும், சங்கிலி போடுவதும், பட்டினி போடுவதும் கூடவே கூடாது. அதனால் நோய் மோசமாகுமே தவிர ஓடாது.

மேலே சொன்ன பெண்ணுக்கு இருப்பது அநேகமாக மனச்சோர்வு நோய். கவலை எல்லோருக்கும் வரும், இரண்டு நாளில் போகும். இது போகாது. இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, தூக்கமில்லை, விடியுமுன்னே விழித்துக்கொள்கிறார், சாப்பாடு இறங்கவில்லை, “நான் இருந்து என்ன பயன்” என்கிறார் என்றால் அது நோய்தான். நம்முடைய ஆட்கள் அநேகமாக “மனசு சரியில்லை” என்று சொல்ல மாட்டார்கள். “தலையிடிக்குது, நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் வலி” என்பார்கள். பனடோல் வாங்கி வாங்கிக் குடித்தும் தீராத வலிக்கு உள்ளே மனச்சோர்வு இருக்கலாம்.

பிள்ளை பெற்ற முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். அது இரண்டு கிழமையைத் தாண்டினால் மிட்வைஃப் அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தூங்காமல் அலைந்தாலோ, பிள்ளையைப் பார்த்துப் பயந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று மனச்சிதைவு நோய். பெரும்பாலும் வாலிப வயதில் தொடங்கும். யாரும் இல்லாத இடத்தில் காதில் குரல் கேட்கும். “அடுத்த காம்பராக்காரர் எனக்கு மருந்து வைக்கிறார்” என்று சந்தேகம் வரும். தனக்குத் தானே சிரிப்பு. அந்தப் பையனுக்கு அந்தக் குரல் நிஜமாகவே கேட்கிறது, நடிக்கவில்லை. “அப்படி ஒண்ணும் இல்லடா” என்று சண்டை பிடித்துப் பயனில்லை. “உனக்குப் பயமா இருக்கும், வா, டொக்டர்கிட்ட போய்ட்டு வரலாம்” என்று சொல்லிக் கூட்டிப் போவதுதான் வழி. 1952ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் இந்த நோய்க்கு முதன்முதலாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் ஆயுள் முழுக்க அடைபட்டுக் கிடந்த எத்தனையோ பேர், அதற்குப் பின் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனார்கள்.

சரி, என்ன வைத்தியம்? ஆளுக்கு ஆள் வேறு. லேசான சோர்வுக்கும் பயத்துக்கும் உளவளத்துணையாளரோடு சில தடவை உட்கார்ந்து பேசுவதே போதுமாகலாம். அங்கே புத்திமதி சொல்ல மாட்டார்கள். எந்த நினைப்பு வரும்போது மனசு விழுகிறது, அந்த நேரம் என்ன செய்யலாம் என்று நம்மோடு சேர்ந்து பார்ப்பார்கள். நோய் கடுமை என்றால் குளிசையும் வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் தவறு விடுகிறார்கள். மனச்சோர்வுக் குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். நாலாம் நாளே “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்லது கொஞ்சம் சுகமானதும் “இனி எதுக்கு” என்று விடுகிறார்கள், நோய் திரும்பி வருகிறது. மாதம் ஒரு முறை போடும் ஊசியால் கை நடுங்கினாலோ, உடம்பு விறைத்தாலோ டொக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம்.

கசிப்பு பழகியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தினமும் நிறையக் குடிப்பவர் சத்தியம் பண்ணி ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. நிறுத்துவது நல்லது, ஆனால் வைத்தியரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

எங்கே போவது? முதலில் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடம் சொல்லித் துண்டு வாங்கலாம். துண்டு இல்லாமலும் பசறை ஆஸ்பத்திரிக்கோ பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ போகலாம். பதுளையில் மனநல டொக்டர்மார் இருக்கிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. நமுனுகுலயிலிருந்து பஸ் ஏறி இறங்கினால் அன்றைய பேர் போய்விடும், அது எமக்கும் தெரியும். ஆனாலும் கோடாங்கிக்குக் கொடுத்த காசைக் கணக்குப் பாருங்கள். பாஷைப் பிரச்சினையும் உண்டு. மனசில் இருப்பதை அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல முடியாது. “தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. இல்லாவிட்டால் சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை வைத்து அம்மாவின் கஷ்டத்தை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கனமான விஷயம். 1995ஆம் ஆண்டில் நமது நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அது ஒன்று. பிறகு ஆகக் கொடிய விவசாய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அந்தக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? சாக வேண்டும் என்ற அந்த நினைப்பு பல பேருக்கு ஒரு கோபத்தில், ஒரு சண்டையில் வந்து, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் மிஞ்சும். மருந்துப் போத்தலைக் காம்பராவில் வைக்காதீர்கள். பூட்டுப் போட்ட ஸ்டோரில் இருக்கட்டும்.

ஒருவர் அப்படிப் பேசினால் “சும்மா மிரட்டுறா” என்று விடாதீர்கள். “சாகணும்னு நெனைக்கிறியா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாமல் கூடவே இருங்கள். பொலிஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டத்தை 1998ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள்.

அவசரம் என்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 1926, அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி, இரவிலும் எடுப்பார்கள். இரண்டு நம்பரையும் பிள்ளைமடுவச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.