69 நிமிடம், 99,360 ஃபிரேம்

'டீடூர்' (1945) 69 நிமிடப் படம். விநாடிக்கு 24 ஃபிரேம் என்று பெருக்கினால் 99,360 ஃபிரேம் வரும். பி.ஆர்.சி. என்ற சின்னக் கம்பெனிக்காக எட்கர் ஜி. உல்மர் எடுத்தது. செலவு ஏறக்குறைய 1,17,000 டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு ஃபிரேமுக்கு 1 டாலர் 18 சென்ட். 1940களின் ஹாலிவுட்டில் இது சில்லறைக் காசு. அந்தக் காசில் எடுத்த இருட்டை வீட்டுத் திரையில் எடுத்தபடியே பார்க்க, ரசிகர்கள் 74 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

ஃபிலிம் நுவார் என்ற வகையே நிழலை நம்பி நிற்பது. வேறு படத்தில் பிரின்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் கதை போய்ச் சேர்ந்துவிடும். நுவாரில் கறுப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனால் பாதிப் படம் போயிற்று. அதனால்தான் இந்தப் படங்களைச் சேர்ப்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே, எந்தப் பிரின்டிலிருந்து எடுத்தது என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியான படங்களுக்கு முதல் காப்புரிமை 28 ஆண்டு. 28ஆம் ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் படம் பொதுச்சொத்து. 'டீடூர்', 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' (1945), ஆர்சன் வெல்ஸின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' (1946), 'டி.ஓ.ஏ.' (1950), ஐடா லுபினோவின் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953) எல்லாம் இப்படிப் பொதுவுக்கு வந்தவை. யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம், போட்டார்கள். அமெரிக்கக் கடைகளில் இவை ஒரு டாலருக்குக் கிடைத்தன. ஆனால் உரிமையாளர் இல்லாத படத்தின் நெகட்டிவைக் குளிர்பதன அறையில் வைத்துக் காக்க யார் செலவு செய்வார்? 'டீடூர்' படத்தின் ஒரிஜினல் நெகட்டிவ் இன்று இல்லை. டிஸ்க் போட்டவர்களில் பெரும்பாலோர் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டார்கள்: தொலைக்காட்சி நிலையங்களுக்காக அந்நாளில் அடித்த 16 மி.மீ. பிரின்ட்.

35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேமின் பரப்பு 22க்கு 16, அதாவது 352 சதுர மி.மீ. 16 மி.மீ. பிலிமில் சுமார் 77 சதுர மி.மீ. நாலரை மடங்கு சுருக்கம். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து பிரின்ட் என்று தலைமுறை கூடக் கூட வெள்ளை வெளுக்கும், கறுப்பு அடைத்துக்கொள்ளும். டிஸ்க் உறையில் என்ன எழுதியிருந்தாலும், இங்கே போனது திரும்பி வராது.

அடுத்த நஷ்டம் டிஸ்கில். என்னிடம் ஒரு டிவிடி இருந்தது. ஒரே அடுக்கில் நான்கு படம்: 'டீடூர்' 69 நிமிடம், 'ஹிட்ச்-ஹைக்கர்' 71, 'டி.ஓ.ஏ.' 83, 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' 102. கூட்டினால் 325 நிமிடம், அதாவது 19,500 விநாடி. டிவிடியின் ஓர் அடுக்கு கொள்வது 4.7 ஜிகாபைட். ஒலியையும் சேர்த்து விநாடிக்கு 1.9 மெகாபிட்தான் கிடைக்கும். டிவிடியில் படத்துக்கு மட்டுமே 9.8 மெகாபிட் வரை இடம் உண்டு. ஐந்தில் ஒரு பங்கில் குடித்தனம் நடத்தச் சொன்னால் படம் என்ன செய்யும்?

என்ன செய்தது என்று பார்த்தேன். நியூயார்க்கில் நாயகன் ஆலும் காதலி சூவும் பனிமூட்டத்தில் நடந்து வரும் காட்சி. உல்மரிடம் தெரு செட் போடக் காசில்லை. புகையையும் இரண்டு மூன்று தெருப் பலகைகளையும் வைத்தே ஒரு நகரத்தைக் காட்டிவிட்டார். என் டிஸ்கில் அந்தப் பனி சதுரம் சதுரமாக உடைந்து அசைந்தது. தெருவிளக்கு எங்கே முடிகிறது, மூட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பிறகு சாலையோர உணவகத்தில் ஆல் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறான். வெளிச்சம் மெல்லக் குறைந்து அவன் கண்களில் மட்டும் ஒரு கீற்று தங்கும். படம் முழுவதும் அங்கிருந்துதான் நினைவாக விரிகிறது. அந்தக் கீற்றுக்குப் பதில் ஒரு வெள்ளைத் திட்டுதான் எனக்குக் கிடைத்தது. பல ஆண்டுகள் அதுதான் 'டீடூர்' என்று நம்பியிருந்தேன். இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இதற்கு மாறான கணக்கு 2018இல் முடிந்தது. அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் பெல்ஜியம், பாரிஸ், நியூயார்க் காப்பகங்களோடு சேர்ந்து படத்தை 4கே தரத்தில் மீட்டன. நல்ல பிரின்ட் பெல்ஜியக் காப்பகத்தில்தான் இருந்தது. ஆனால் அதன் அடிப்பகுதியில் பிரெஞ்சிலும் பிளெமிஷிலும் வசன வரிகள் பதிந்திருந்தன. அந்த இடங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகப் பிரதியிலிருந்து எடுத்து ஒட்டி, எழுத்துகளை மறைத்தார்கள். வேலையின் பருமனை ஒரு கணக்கில் சொல்லலாம். 4கேயில் முழு ஃபிரேமை ஸ்கேன் செய்தால் 4096க்கு 3112 புள்ளி; 10 பிட் டி.பி.எக்ஸ். கோப்பாக வைத்தால் ஒரு ஃபிரேம் 51 மெகாபைட். 99,360 ஃபிரேமுக்கு 5 டெராபைட். அதையே விநாடிக்கு 35 மெகாபிட் வீதம் ப்ளூரேயில் ஏற்றினால் 18 ஜிகாபைட். என் பழைய டிஸ்கில் இந்தப் படத்தின் பங்கு 1 ஜிகாபைட்.

விலைக்கு வருவோம். 2019 மார்ச்சில் கிரைட்டீரியன் வெளியிட்ட ப்ளூரேயின் பட்டியல் விலை 39.95 டாலர். பார்க்கும் நிமிடத்துக்கு 58 சென்ட். பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையின் ஜூலை, நவம்பர் பாதிவிலை விற்பனைக்குக் காத்திருந்தால் 29 சென்ட். ஒரு டாலர் டிஸ்கில் நிமிடத்துக்கு ஒன்றரை சென்ட்தான். ஆனால் ஒரு டாலர் டிஸ்க் வாங்கியவர் ஒன்றோடு நிறுத்துவதில்லை. இது சரியில்லை, அடுத்தது நன்றாக இருக்குமோ என்று மூன்று நான்கு வாங்குகிறார். அத்தனையும் ஒரே 16 மி.மீ. வம்சத்தில் பிறந்தவையாக இருக்கும்.

ஸ்டுடியோ உரிமை உள்ள படங்களில் பாடு இவ்வளவு இல்லை. 2004 முதல் 2010 வரை வார்னர் வெளியிட்ட ஐந்து நுவார் தொகுப்புகளில் 5, 5, 5, 10, 8 என்று 33 படங்கள். பழைய டிவிடியானாலும் பெரும்பாலும் நல்ல மூலங்கள். இரண்டாம் கையாக வாங்கினால் ஒரு எச்சரிக்கை. 2006 முதல் 2008 வரை அச்சான வார்னர் டிவிடிகளில் சில, தானாகவே கெட்டுப்போவதை அந்த நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டது. வாங்கிய அன்றே கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் இண்டிகேட்டர் வெளியிட்ட கொலம்பியா நுவார் தொகுப்புகளில் முதல் ஐந்தில் தலா 6, ஆக 30 படங்கள். கீனோ லோர்பரின் தொகுப்புகள் மும்மூன்று படங்களாக 20ஐத் தாண்டிவிட்டன.

இந்தியாவிலிருந்து வாங்குவோர் மண்டல எண்ணைக் கவனிக்க வேண்டும். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, நாம் சி. டிவிடியில் முறையே 1, 2, 5. மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் இல்லாமல் டிஸ்க் வாங்கினால் தபால் செலவோடு பணமும் வீண். ஐரோப்பிய டிவிடிகளில் இன்னொன்று உண்டு. அங்கே விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடுவதால் 102 நிமிட 'ஸ்கார்லெட் ஸ்ட்ரீட்' 98 நிமிடத்தில் முடிந்துவிடும். வெட்டிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். ஆனால் சுருதியைச் சரிசெய்யாத டிஸ்கில் குரல் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறியிருக்கும். இசைக் காது உள்ளவர்களுக்கு உறுத்தும்.

பயப்பட வேண்டாத இன்னொன்று: 'டீடூர்' படத்தில் ஆல் வழியில் வண்டி கேட்டுப் போகும் சில ஷாட்டுகளில் கார்கள் இடப்பக்கமாகப் போகின்றன, ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அது பிரதியின் குறை இல்லை. உல்மரே நெகட்டிவைத் திருப்பிப் போட்டது. மீட்ட பதிப்பிலும் அப்படியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

'உமன் ஆன் தி ரன்' (1950) படத்தின் கணக்கை நினைத்தால் இன்றும் நடுக்கம் வருகிறது. எடி முல்லர் 2003இல் சான் பிரான்சிஸ்கோ நுவார் விழாவில் திரையிட்ட 35 மி.மீ. பிரின்ட், 2008 ஜூன் 1 அன்று யுனிவர்சல் வளாகத் தீயில் எரிந்துபோனது. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் காப்பகத்தில் இன்னொரு பிரதி இருப்பது தெரியவந்தது. முல்லரின் ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷனும் யு.சி.எல்.ஏ. காப்பகமும் அதை வைத்துப் படத்தை மீட்டன. 2016இல் ஃபிளிக்கர் ஆலி ப்ளூரேயாக வெளியிட்டது. இப்போது கடைசிக் காட்சியில், இரவில் ராட்டின ரயில் இறங்கி ஏறும்போது, ஆன் ஷெரிடனின் முகம் விளக்கிலும் இருட்டிலும் மாறி மாறித் தெரிகிறது. இருட்டில் போகும் நொடியிலும் அவள் வாய் திறந்திருப்பதைப் பார்க்க முடிகிறது.